ஒரு கீறல் விழுந்தாலும்

“கண்ணாடிய அந்த ஆணியில மாட்டு ஞானம். மச்சான் நல்லாப் பாக்கட்டும்,” என்றான் சகாயம்.

ஞானசுந்தரி மாட்டினாள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் டேவிட், ஈரத் தலையைத் துவட்டியபடி முறைத்தான். மழையில் நனைந்துகொண்டு கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்த மச்சானை இந்த ஆள் முக்காலியை விட்டு எழுந்துகூட வரவேற்கவில்லை. அவ்வளவு திமிர்!

டேவிட் எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டு ரயிலேறுகிற ரகம். எட்டு மாதத்துக்கு முன் தங்கச் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்ததில் சகாயம் மாட்டிக்கொண்டான். ‘இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது, மற்றபடி சுகம்’ என்று தங்கை எழுதியிருந்தாள். அப்பன் வேலை மகனுக்குப் போயிற்று. மகன் இந்நேரம் ஷிஃப்டில் இருந்தான். இனி இவர்களுக்கு இங்கே என்ன வேலை, ஊருக்கு அழைத்துப் போய்விடலாம் என்பது டேவிட்டின் தீர்மானம்.

“தாடி எடுக்கக்கூட ஒரு ஆளத் தேடணும் மாப்ள நீ. ஊருக்கு வா. அங்க எல்லாத்துக்கும் ஆள் இருக்குது.”

“உங்க ஊர்ல நம்ம மூஞ்சியத் தொட்டு சவரம் பண்றவன் யாரு?”

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஊர்லயே சலூன் வந்துடுச்சி.”

“அப்ப நீ ஏன் குடியாத்தம் வரைக்கும் பஸ் ஏறிப் போயி எடுத்துக்கிற?”

டேவிட் தாடையைத் தடவிக்கொண்டான். குடியாத்தத்துக்காரன் அன்று காலையில் போட்ட வெட்டு இன்னும் எரிந்தது.

“இதுக்குத்தான் எங்க தாத்தா அந்த ஊர உட்டு இங்க வந்தாரு. திரும்பப் போயி இன்னொருத்தன் கைக்குக் காத்துக் கெடக்க மாட்டேன்,” என்றான் சகாயம். “இப்ப உன் எதிர்க்கவே எடுக்கறேன். ஒரு கீறல் விழுந்தாலும் நாளைக்கே பொட்டி கட்றேன். விழலன்னா நீ தனியா ரயிலேறு. அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

“மூணு வெரல வெச்சிக்கினா? சரி, பாக்கலாம்!”

ஞானம் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். ராஜ உபசாரம்தான் என்று டேவிட் மனசுக்குள் பொருமினான்.

சகாயம் பழைய பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, விரலால் அழுத்தி, இப்படியும் அப்படியும் தேய்த்தான். இப்படித் தீட்டித் தீட்டியே ஒரு பிளேடை ஒன்றரை மாதம் ஓட்டுகிறானாம். சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு ஊறவைத்தான். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்த கொட்டாங்கச்சியில் பிரஷ்ஷை விட்டுக் கலக்க, நுரை பொங்கிற்று.

“இதான் மச்சான் சொகம். சலூன்காரன் பச்சத்தண்ணியத் தெளிச்சி வறட்டு வறட்டுனு இழுப்பான். முடி நல்லா ஊறணும். ஊறிட்டா பிளேடு தன்னால ஓடும்.”

அவன் பிரஷ்ஷைச் சுழற்றிய வேகத்தில் கண்ணாடி முழுக்க நுரை தெறித்தது. அதைத் துடைக்கவில்லை. இந்த அலட்சியத்துக்கே நாலு வெட்டு விழும் என்று டேவிட் சந்தோஷமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

விழவில்லை. மூன்று விரலும் முன்னால் போய்க் கன்னத்தைத் தடவித் தோலை இழுத்துப் பிடிக்க, ரேசர் பின்னாலேயே போயிற்று. வலது கன்னம் முடிந்தது. இடதும் முடிந்தது. டேவிட்டின் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

சகாயம் அண்ணாந்து தொண்டைக்குழிக்கு ரேசரைக் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்து பல்பு ஒரு தடவை சிவந்து அணைந்தது. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய, ஜன்னல் இல்லாத லைன் வீடு. கண்ணுக்கு எதிரில் கையை நீட்டினால்கூடத் தெரியாத இருட்டு. தகரக் கூரைமேல் மழை கொட்டியது.

“மாப்ள! வேணாம், கைய எடு!”

“கத்தாத மச்சான். நான் தோக்கணும்னு பாக்கறியா?”

சரக், சரக் என்ற சத்தம் நிற்கவில்லை. டேவிட் கட்டிலை விட்டு எழுந்தான். பாய்ந்து தடுக்கலாமென்றால், இருட்டில் கை பட்டு ரேசர் தொண்டையில் இறங்கிவிட்டால்? தங்கச்சி தாலிக்கு நானே எமனாக வந்தேனே என்று கர்த்தரைக் கூப்பிட்டான். ஞானம் தீப்பெட்டியைத் தேடிப் பாத்திரங்களை உருட்டுவது மட்டும் கேட்டது.

நமத்துப்போன குச்சிகளில் நாலாவதுதான் பற்றியது. அவள் விளக்கை ஏற்றியதும் டேவிட் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

சகாயம் நிதானமாகப் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காதிலிருந்து தொண்டைக்குழி வரை ஒரு கீறல் இல்லை.

“ஜெயிச்சிட்ட மாப்ள,” என்றான் டேவிட். “நான் தனியாவே போறேன். உன் வீம்புக்கு ஒரு கும்புடு. இனிமே கூப்பிடவே மாட்டேன்.”

சகாயம் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான்.

“இன்னா ஞானம், மண்ணெண்ண வாசன வருது? கரண்ட்டு போயிடுச்சா?”