ஆளில்லாத மலை

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைச் சரிவில் கொழுந்து கிள்ளும் ஜெசிந்தா இரைச்சல் கேட்டு நிமிர்கிறாள். அரசு மானியத்தில் கம்பெனி வாங்கிய ட்ரோன் முகட்டைத் தாண்டி வந்து அவள்மேல் பூச்சிமருந்தைப் பொழிகிறது. காலை வெயிலில் அந்தத் தூறல் அழகாக மினுங்குகிறது. எரியும் கண்களோடு, ஆறுமாத வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு, "நிறுத்துப்பா, ஆளு நிக்கேன்!" என்று கத்துகிறாள். கீழே ரோட்டில் முகக்கவசம் போட்ட சூப்பர்வைசர் ஜின்சன் கையிலிருக்கும் திரையைப் பார்க்கிறான். "இந்த மலையில ஆளில்லன்னுதான் ஆப் காட்டுது, அக்கா." "காலையில வேலைக்கு வந்தப்ப சிக்னல் இல்லாம ஆப்புல என் பேரு ஏறல. ஒன் கண்ணுக்குத் தெரியுறேன்லா?" என்கிறாள். "தெரியுது. நிறுத்துனா காரணம் எழுதணும். ஆப்புல இல்லாத ஆள என்னன்னு எழுத?" என்கிறான் அவன். அவள் குனிந்து இறங்கப் பார்க்கிறாள். இடுப்பளவுச் செடிகள் வழிவிடவில்லை. சரிவின் முனையில் ட்ரோன் திரும்பி, மறுபடி அவளை நோக்கி வருகிறது.