கனவுல குடிச்ச குத்தம்

"கனவுல குடிச்சதுக்கு லீவு கேக்கற மொத ஆளு நீதான்டா"ன்னு கந்தவேல் சொன்னதும், முட்டை பொறுக்கிக்கிட்டிருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க.

பச்சமுத்து சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்துல கந்தவேலோட கோழிப்பண்ணை. பச்சமுத்து அங்க தீவனம் அரைக்கிறவன். பத்து மாசத்துக்கு முந்தி, குடியை விடறோம்னு முனியப்பன் கோயில்ல சத்தியம் பண்ணி, முதலாளியும் ஆளும் ஒரே நாள்ல கையில கயிறு கட்டிக்கிட்டாங்க. அந்தக் கயிறைப் பாத்துத்தான் பச்சமுத்து பொண்டாட்டி தனப்பிரியா ஓமலூர்ல அவ அம்மா ஊட்டுலருந்து திரும்பி வந்தா. கயிறு போனா அவளும் போயிருவா.

இன்னிக்கு விடியக்காலம் கனவுல ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சுப்போட்டானாம். எந்திரிச்சு உள்ளங்கையில ஊதி ஊதி மோந்து பாத்தானாம். வாடை இல்ல. ஆனா விடியக்காலக் கனவு பலிக்கும்னு சொல்லுவாங்களே. பூசாரிகிட்டச் சொல்லிக் கயிறை மாத்திக் கட்டிக்கிட்டு, மத்தியானத்துக்குள்ள வந்தர்றேன்னான்.

கந்தவேலுக்கு இதுக்கு மேல என்ன வேணும். தன் கயிறை எல்லாருக்கும் தூக்கிக் காட்டுனாரு. தனக்கும் பத்து மாசமாச்சு, ஒரு நாளாச்சும் இந்தக் கருமம் கனவுல வந்திருக்குமா, மனசுல அழுக்கு இருக்கறவனுக்குத்தான் வரும்னாரு. என்ன சரக்கு, தொட்டுக்க என்னன்னு ஒண்ணொண்ணா விசாரிச்சாரு. பச்சமுத்து எல்லாத்துக்கும் பயபக்தியோட பதில் சொன்னான். தொட்டுக்க அவிச்ச முட்டைன்னதும், "நம்ம பண்ணை முட்டையா? அப்ப திருட்டுக் கேசும் சேந்துக்குச்சு"ன்னாரு.

அதோட விட்டாரா? தவிட்டை அள்ளி நெத்தியில பட்டையாப் பூசிக்கிட்டு, துண்டை இடுப்புல இறுக்கிக் கட்டி, அச்சு அசலா பூசாரியாவே மாறிட்டாரு. டீ கொண்டாந்த அவரு சம்சாரம் பூவாத்தாள்கூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

அந்தக் கோயில்ல ஒரு முறை உண்டு. கயிறைக் கெடுத்தவன் மறுபடி கட்டோணும்னா, ஊத்திக் குடுத்தவன் பேரை நாலு பேரு முன்னால சொல்லோணும்.

"ஊத்திக் குடுத்தது யாரப்பா?" கந்தவேல் பூசாரி மாதிரியே கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு.

"அது வேண்டாங்கண்ணா."

"பேரை மறைச்சா கயிறு நிக்காது."

"கோயில்ல போயிச் சொல்லிக்கறனுங்க."

"இதான் கோயிலு. நாந்தான் பூசாரி. சொல்லு."

பச்சமுத்து பூவாத்தாளைப் பாத்தான். அவன் கண்ணுல தண்ணி கட்டி நின்னதும் அவளுக்கு மனசு கேக்கல. "சொல்லிப்போடு சாமி. வெறுங்கனவுதான, யாரு பேரா இருந்தா என்ன?"ன்னா.

"அண்ணந்தானுங்க ஊத்துனாரு."

பண்ணையே அதிர்ந்துச்சு சிரிப்புல. எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சது கந்தவேலுதான்.

"நானாடா? கேட்டுக்கங்க இந்தக் கூத்தை. எங்கிருந்துடா எடுத்து ஊத்துனேன்?"

"எப்பவும் எடுக்கற எடந்தானுங்க. கோழிக்குத் தடுப்பூசி மருந்து வெக்கற ஃபிரிட்ஜுல, கீழ் தட்டுல."

சிரிப்பு ஒவ்வொருத்தராக் கொறஞ்சு நின்னுபோச்சு.

பூவாத்தாள் டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டு, மருந்து ரூமுக்கு நடந்தா. "ஏம்புள்ள, அவன் ஏதோ கனவைச் சொல்றான்"னு கந்தவேல் ரெண்டு எட்டு பின்னாலயே போனாரு. மூணாவது எட்டு வரல.

திரும்பி வந்தவ கையில பாதி பாட்டில் இருந்துச்சு.

"உன்ற கயிறு நல்லாத்தான் இருக்குது சாமி, நீ வேலையைப் பாரு"ன்னு பச்சமுத்துகிட்டச் சொல்லிட்டு, பாட்டிலை எடுத்துப் புருசன் கன்னத்துல வெச்சா.

"ஏனுங்க பூசாரி, கனவுல வந்த பாட்டிலு இப்படிச் சில்லுன்னா இருக்கும்?"