பால் வண்டியும் ஓட்டக்கார முயலும்

மலையில் பனி இறங்கும் மாதங்களில், விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பால் வண்டி கீழே இறங்கி வரும். வழியெல்லாம் வெள்ளையாக இருப்பதால் மேகத்துக்குள் மிதப்பதுபோல் அதற்குத் தோன்றும். தன்னைத் தவிர உலகத்தில் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு, மரங்களின் உச்சியைப் பார்த்தபடியே உருண்டு போகும்.

ஒருநாள் வளைவு திரும்பியதும் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு குட்டை வால் துள்ளியது. வண்டி பதறிப்போய் பிரேக் போட்டது. கேன்கள் ஒன்றோடொன்று மோதி, பால் தளும்பிச் சாலையில் வழிந்தது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த முயல் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. பார்த்ததும் சாலையோரம் தாவி உட்கார்ந்தது. பிறகு காதுகளிலிருந்து இலவம்பஞ்சை எடுத்தது.

“வளைவுல ஹார்ன் அடிச்சேனே தம்பி, கேக்கலையா?” என்றது வண்டி.

“ஓடும்போது என் மூச்சு மட்டும் கேட்டா சுகமா இருக்கும்னு பஞ்சு வச்சிருந்தேன் அண்ணே. நீங்க என்னைப் பாக்கலையா?”

“மரத்தைப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்.”

வண்டி மெதுவாகக் கீழே இறங்கிப் போனது.

மறுநாள் முயல் பஞ்சு வைக்காமல், வண்டிக்கு முகம் காட்டி, ஓரமாக எதிரே ஏறி வந்தது. தூரத்திலேயே அதன் நீளக் காதுகள் தெரிந்தன. வண்டி வேகத்தைக் குறைத்து, நன்றாக ஒதுங்கிப் போனது. கடக்கும்போது இரண்டும் ஒரு கணம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டன. அதன்பின் தினமும் அப்படித்தான்.

ஒரு காலை முயல் வரவில்லை. தூங்கிவிட்டதோ என்னவோ. வளைவில் பனி மட்டும் நின்றுகொண்டிருந்தது. வண்டி அன்றும் மெதுவாக வந்து, பனிக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனது.