ஊதா மைக்கோடு

"கதவச் சாத்தாதீங்கண்ணே! அந்தக் கோடு நான் போட்டது!" என்று மெர்சி கத்தியபோது பாதிக் கதவு மூடியிருந்தது. உள்ளே கதிர்வீச்சுக் கருவிக்குக் கீழே அம்மா தனியாகப் படுத்திருந்தாள். அம்மாவுக்குக் கை தூக்க முடியாததால் இன்று மெர்சிதான் குளிப்பாட்டினாள். கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்ட ஆஸ்பத்திரியில் மார்பில் போட்டிருந்த ஊதா மைக்கோடு சோப்பு நுரையோடு போய்விட்டது. பயத்தில், பள்ளிக்கூடப் பேனாவால் குத்துமதிப்பாக இன்னொன்றை இழுத்துவிட்டாள். அந்தக் கருவி எலக்ட்ரான்களைக் குழாய்க்குள் விரட்டி, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் உலோகத்தில் மோதவிடும். அதில் தெறிக்கும் கதிர் புற்றைச் சுடும். கோடு விலகினால் இதயத்தைச் சுட்டுவிடும் என்று கருவியை இயக்கும் துரைசிங் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"பயப்படாத பாப்பா. ஒன் கோட்டப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. அளந்து வேற போட்டாச்சு" என்ற துரைசிங் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் ரெண்டு தடவ அழிஞ்சிருந்துச்சே, அப்பவும் நீதான் குளிப்பாட்டுனியா?"

"இல்லண்ணே. அம்மாவேதான் குளிச்சாங்க."

"கோடு அழியக் கூடாதுன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா கோடு இருந்த எடத்த மட்டும் தோலு செவந்துபோற அளவுக்குத் தேச்சிருந்தாங்க, அதான் கேட்டேன்."

சற்று நேரத்தில் அம்மா சேலையைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள். "ஏட்டி, மொகம் ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கு? கேன்டீன்ல வடை வாங்கித் தரட்டா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து, பிழைக்க விருப்பமில்லையாம்மா என்று எப்படிக் கேட்பது?