இரும்புமூக்கனின் சிரிப்பு

“அந்தச் சனியன் பிடிச்சவன் ஒழிஞ்சாதான் எனக்கு நிம்மதி” என்றபடி கைப்பையைச் சோபாவில் வீசினாள் மகள்.

“யாரையும் அப்படிச் சொல்லாதே” என்றாள் அம்மா, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

“மனுஷங்களைச் சொல்லலைம்மா. இரும்புமூக்கனைச் சொன்னேன்.”

“அவனையும்தான் சொல்லாதே.”

இரும்புமூக்கன், முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு வீடியோ கேமின் வில்லன். அதில் அவனோடு சண்டை போடும் நாயகனின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. வில்லனின் முகமோ பனியனிலும் காபிக் கோப்பையிலும் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. எல்லாம் அவன் சிரிப்பு செய்த வேலை. ஆடுகிறவர் தோற்றால் மட்டும்தான் அவன் சிரிப்பான். அதைக் கேட்பதற்காகவே கைக்கு வந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. சிரித்து முடிக்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். சிறைக்கதவு சாத்துகிறது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, மூக்கு கழன்று மாட்டுகிறது என்று வேறு சிலர் சண்டைக்கு வந்தார்கள்.

அந்த விளையாட்டைப் புதுப்பிக்கும் குழுவுக்கு இப்போது மகள்தான் பொறுப்பு. பழைய ஒலியில் கரகரப்பு அதிகம். சிரிப்பை மறுபடி பதிவு செய்தாக வேண்டும். நான்கு மாதத்தில் பதினேழு பேரைச் சிரிக்கவைத்துப் பார்த்துவிட்டாள்.

“நேத்து ஒரு மல்யுத்த வீரரைக் கூட்டிட்டு வந்தோம்ப்பா. மைக் ஆடுது, கண்ணாடி ஆடுது. அந்தச் சிரிப்பு மட்டும் வரலை.”

“சாப்பாடு யார் வாங்கிக் குடுத்தது?” என்று கேட்டார் அப்பா. பக்கத்து வீட்டு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நாங்கதான். ஒருத்தரே நாலு பேர் சாப்பாடு சாப்பிட்டார்.”

“அப்போ கடைசியில சிரிச்சது ஓட்டல்காரன்தான்.”

அந்த எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே விக்கலும் வந்தது. அம்மா பேசாமல் தண்ணீர்த் தம்ளரை நீட்டினாள்.

“சிரிக்கிற விஷயமில்லைப்பா. நாளைக்குள்ள கிடைக்கலைன்னா வேலையை வேற டீமுக்குக் குடுத்துடுவாங்களாம். எனக்கும் அதோட சீட்டு கிழிஞ்சுது. யார் சிரிச்சாலும் ஒண்ணு காமெடியா இருக்கு, இல்லைன்னா அறையலாம்போல இருக்கு. பழைய சிரிப்பைக் கேட்டா பயம் வருது, ஆனா அவன்மேல கோபமே வரமாட்டேங்குது. அந்த ஒண்ணு யாருக்கும் வரலை.”

அப்பா ரேடியோவுக்குள் குனிந்துகொண்டார். அந்த விளையாட்டைச் செய்த கம்பெனியின் அன்றைய ஒலிப்பதிவாளர் அவர்தான். சிரிப்பைப் பதிவு செய்ததும் அவரேதான்.

“யாருன்னு சொல்லிடுங்கப்பா. ஆள் உயிரோடயாவது இருக்கா?”

“ஆள் நல்லாத்தான் இருக்கு. சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

அப்பாவின் பார்வை வெங்காயத் தட்டின் பக்கம் போய்த் திரும்பியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நீயா?”

“நானா?” அம்மா கண்ணீரைத் தோளில் துடைத்தாள். “அந்த வருஷம் எனக்குச் சிரிக்க எங்கடி நேரம்? தூங்கவே நேரமில்லை.”

“அப்புறம் ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கறே? சின்ன வயசிலேர்ந்து பார்க்கறேன். அவனை யாராவது பேய்னு சொன்னா உனக்கு மூஞ்சி சிவந்துடும்.”

“சிவக்காதா? பேய், ராட்சசன்னு வாய்க்கு வந்தபடி பேசினாங்க. பேர் வெளியில தெரிஞ்சா அந்தப் பட்டம் ஆயுசுக்கும் ஒட்டிக்கும். அதான் உங்கப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன்.”

“தெருவுல எல்லாப் பிள்ளைங்களும் அந்தச் சத்தத்துக்கு அழும்” என்றார் அப்பா. “நீ மட்டும் கூடச் சேர்ந்து சிரிப்பே.”

“இப்போ அழறேன், போதுமா?” அவள் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “விடுங்க. நாளைக்கு மேஜையைக் காலி பண்ணிட்டு வந்துடறேன்.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“எடுத்துப் போடுங்க. பட்டம் ஒட்டினா ஒட்டட்டும். வேலை போறதுக்கு அது தேவலை.”

அப்பா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ஒரு டேப் சுருள். அதைத் தன் பழைய ரெக்கார்டரில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார்.

இரும்புமூக்கன் சிரித்தான். துளிக் கரகரப்பு இல்லை. அறையே இருண்டதுபோல் இருந்தது. அவள் கைமயிர் சிலிர்த்து நின்றது. கடைசியில் அந்த ‘டொக்’.

“இதேதான்ப்பா. இந்த டேப்பே போதும். ஆனா சிரிப்புக்குச் சொந்தக்காரர் கையெழுத்து இல்லாம கம்பெனி தொடாது. போடுவாரா?”

“அதை நான் எப்படிச் சொல்றது? அந்த ஆளைத்தான் கேட்கணும்” என்றார் அப்பா. “இது வேகத்தை நல்லா இறக்கிவெச்ச சத்தம். இறக்கினா எந்தக் குரலும் கனத்துடும். அசல் வேகத்துல கேட்டுப் பாரு.”

டேப்பைப் பின்னால் ஓட்டி, குமிழைத் திருப்பினார்.

வில்லனின் தொண்டை மெலிந்து மெலிந்து, பல் முளைக்காத ஒரு குழந்தையின் கெக்கலியாக மாறியது. பின்னணியில் அம்மாவின் இளவயதுக் குரல் கேட்டது: “கிச்சுகிச்சு மூட்டினது போதும்ங்க. பாருங்க, மறுபடியும் இவளுக்கு விக்கல்.”

‘டொக்’ இருந்த இடத்தில் குட்டியாக ஒரு விக்கல்.

வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்தாள் மகள், உடனே விக்கியது.

அம்மா தண்ணீரை நீட்டினாள். அப்பா பேனாவை நீட்டினார்.