காந்தம் வேண்டாம்

"காந்தத்தை எடுத்துடும்மா. இது ஆடணும்."

சிகுசாவுக்குச் சுருக்கென்றது. சுவரில் தொங்கும் எழுத்துச் சுருளைப் புது மாதிரியாக வடிவமைக்க வேண்டுமென்றால் கியோட்டோவில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். பட்டும் ஜரிகையும் கிடையாது. சாம்பல் நிற லினன் துணி, அடியில் மெல்லிய அலுமினியத் தண்டு, அதற்குள்ளே காந்தம். சுவரில் ஒரு தகடு பதித்துவிட்டால் போதும், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் சுருள் அசையாது. அவளுக்குப் பரிசு கிடைத்ததே அந்தக் காந்தத்துக்காகத்தான்.

சுருளை வாங்கிப்போக வந்திருந்த உராகாமி, இனே கடற்கரை மீனவர். பஸ்ஸும் ரயிலும் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சுருளில் இருந்தது ஒரே ஓர் எழுத்து. 'காற்று'. பள்ளியில் படித்தபோது புத்தாண்டுக்கு அவர் மகன் எழுதியது. அந்த மகன் போன இலையுதிர் காலத்தில் படகெடுத்துக் கடலுக்குப் போனவன், திரும்பவே இல்லை.

"ஆடினா சுவத்துல போய் மோதுமே, பெரியவரே!"

"மோதட்டும்."

"சத்தம் வரும்."

"வரட்டும். இந்த அலுமினியமும் வேணாம். நல்ல கனமான மரக்கட்டையாப் போடு. ரெண்டு முனையிலயும் மரக் குமிழ் வை."

பக்கத்தில் பசை கலக்கிக்கொண்டிருந்த உதவிப் பெண் ஹோனாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுத்து காத்தாச்சே அக்கா, அதான் ஆடச் சொல்றார் போல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "குரங்கு கையில பூமாலை" என்று முணுமுணுத்தாள்.

பெரியவர் காதில் அது விழுந்ததோ என்னவோ, அவர் கண் எழுத்தை விட்டு நகரவில்லை.

சிகுசா பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தக் காலத்துச் சுருள்லயே ஆடக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் எடை கட்டித் தொங்க விடுவாங்க. நீங்க என்னடான்னா எல்லாத்தையும் தலைகீழாக் கேக்கறீங்க. சரி, வீட்டுல எங்கே மாட்டப் போறீங்க?"

"கடலைப் பாத்த ஜன்னல் பக்கத்துல."

"நல்லா இருக்கு போங்க! உப்புக் காத்துல விட்டா ஒரே வருஷத்துல காகிதம் வீணாப் போயிடும்."

"தெரியும்மா."

தெரியுமாமே! அவ்வளவுதான், சிகுசாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இது கிழிஞ்சா இன்னொண்ணு எழுதித் தர உங்க பிள்ளை வரப் போறதில்ல. பெத்த பாசம்னு ஒண்ணு இருந்தா இப்படிக் கேப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹோனாமியும் பசை கலக்குவதை நிறுத்திவிட்டாள்.

உராகாமி கோபப்படவில்லை. ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு அடியிலயே கடல் வரும். படகை அங்கேதான் கொண்டுவந்து விடுவோம். பையன் வந்தா படகு தூண்ல 'டொக்'குனு இடிக்கும். அவங்க அம்மாவுக்குக் கண் தெரியாது. மாடியில அந்தச் சத்தத்துக்காகவே முழிச்சுக்கிட்டுப் படுத்திருப்பா. அது கேட்டப்புறம்தான் தூங்குவா."

"இப்போ?" சிகுசாவின் குரல் இறங்கிவிட்டது.

"உடம்பு கிடைக்கலையேம்மா. அவன் போயிட்டான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா. இன்னும் காத்துக்கிட்டுத்தான் கிடக்கா. பாக்கப் பொறுக்காம, தினமும் நானே கீழே இறங்கித் துடுப்பால தூணைத் தட்டறேன். 'வந்துட்டான்'னு திரும்பிப் படுத்துத் தூங்கிடறா."

சிகுசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்டின் மூடியைத் திருகிக் காந்தத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கட்டினவளையே ஏமாத்தறோமேன்னு துடுப்பை எடுக்கறப்பல்லாம் மனசு உறுத்துது" என்றார் உராகாமி. "நான் தட்டினா அது பொய்ம்மா. அவன் எழுத்து தட்டினா, வந்தது அவன்தானே?"