ஒரு சென்ட்கூட இல்லீங்க

“சத்தியமா நான் விவசாயி இல்லீங்க சார். எனக்கு ஒரு சென்ட் நெலம்கூடக் கெடையாதுங்க!” உள்கூடம் வரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார் தாண்டவராயன்.

வாசலில் நின்ற அதிகாரி முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். விவசாயிகளுக்கான கொரோனா நிவாரணத்தை மற்றவர்களும் வாங்கிவிட்டார்கள் என்று புகார் கிளம்பி, ஓமந்தூர்ப் பக்கம் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர்கூடத் தனக்குக் கரும்புத் தோட்டம் இருப்பதாகச் சாதித்திருந்தார்.

“அப்ப நாலாயிரம் வாங்கிக்கினு இருக்கீங்களே?”

“தப்புதாங்க. திருப்பிக் கட்டிடறேன்” என்றார் தாண்டவராயன், இப்போது குரலை இறக்கி.

“இந்த ஊர்ல உண்மையைச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான் பெரியவரே” என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதிகாரி கிளம்பினார்.

பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஊருக்கு மேற்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கும் நாலு ஏக்கரும் தாண்டவராயனுடையதுதான். ஆனால் இன்றைக்கு அதைச் சொன்னால் குடி முழுகிவிடும். திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

மகன் ஆனந்தராஜுக்கு முப்பத்து மூன்று வயது. “பையன் பயிர் வெக்கிறான்” என்று சொன்ன மாத்திரத்தில் மூன்று இடம் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிற்று. இதுவும் கைநழுவினால் பிள்ளை கட்டைப் பிரம்மச்சாரிதான் என்று மனைவி வெள்ளையம்மாள் அழாத நாளில்லை. பெண்ணின் அப்பா வெங்கடாசலம் பெரிய கம்பெனியில் இருந்தவர் என்று தரகர் சொன்னாரோ இல்லையோ, புருஷனும் பெண்டாட்டியுமாக மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டி, மண்வெட்டியைப் பரணில் ஏற்றி, மகனுக்கு ஷூ மாட்டிவிட்டார்கள்.

தாண்டவராயன் உள்ளே வந்தபோது வெங்கடாசலம் வேகவைத்த மல்லாட்டையை ரசித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“நல்ல ருசிம்மா. உங்க கொல்லையில வெளைஞ்சுதா?”

“அய்யய்யோ, கடையில வாங்கினதுங்க” என்று பதறினாள் வெள்ளையம்மாள்.

வெங்கடாசலம் கையில் இருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டிலிருந்து மாடு கத்தியது. தாண்டவராயனின் குரலைக் கேட்டுவிட்டது, சனியன்.

“பேஜாரு புடிச்ச மாடு! நம்மளுது இல்லீங்க” என்றார் அவர்.

“வாசல்ல யாருங்க வந்தது?” என்று கேட்டார் வெங்கடாசலம்.

“கவர்மென்ட்டு ஆளுங்க. நீ விவசாயியான்னு கேட்டுக்கினு வந்தாரு. எங்களுக்கும் நெலத்துக்கும் சம்பந்தமே இல்ல, பையன் டவுனுல எலெக்ட்ரிகல் பிசினஸ் பண்ணிக்கினு இருக்கான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

வெங்கடாசலம் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தலையை ஆட்டினாள். இருவரும் எழுந்தார்கள்.

தாண்டவராயன் ஓடிவந்து வழியை மறித்தார். “ஏங்க, உக்காருங்க. எங்க கிட்ட என்னங்க கொறை?”

“கொறைன்னு இல்லீங்க. தரகர்தான் ஏதோ மாத்திச் சொல்லிட்டாரு. லாக்டவுன்ல எங்க கம்பெனிய மூடிட்டாங்க. வெறும் ரேஷன் அரிசிய வெச்சிக்கினு குடும்பமே அல்லாடினோம். அப்பவே முடிவு பண்ணிட்டோம்.”

வெங்கடாசலம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“பொண்ணை ஒரு விவசாயிக்குத்தாங்க குடுக்கிறது.”